ஊசிக்குப் பிறகு ஒரு ஸ்கேன்

மோட்டார் நியூரான் நோயாக இருக்குமோ என்று நரம்பியல் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால், கழுத்துக்கும் முதுகுக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுப்பார். அந்த ஸ்கேன் மோட்டார் நியூரான் நோயைப் பிடிப்பதற்கு அல்ல. வேறு ஏதாவது இருக்காதா என்று தேடுவதற்கு. கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினாலும் கை மெலியும், சட்டைப் பித்தானைப் போட விரல் மறுக்கும், கால் விறைக்கும். அந்த அழுத்தத்தை அறுவை சிகிச்சையால் நீக்கிவிடலாம். ஆகவே ரிப்போர்ட்டில் கோளாறு இருந்தால் நோயாளிக்கு நல்ல காலம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால்தான் பயப்பட வேண்டும்.

படம் சுத்தமாக இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஸ்டெம் செல் ஊசி போட்ட பிறகு எடுக்கும் ஸ்கேனிலும் இதே தலைகீழ்க் கணக்குதான் திரும்பத் திரும்ப வரும்.

பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தன் ஷார்கோ 1869-ல் இந்த நோயை விவரித்தபோது அவரிடம் எக்ஸ்ரேகூடக் கிடையாது. நோயாளிகளை உயிரோடிருக்கும்போது பல மாதங்கள் கவனித்துக் குறிப்பெழுதினார். அவர்கள் இறந்த பிறகு தண்டுவடத்தை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். தண்டுவடத்தின் நடுவே உள்ள சாம்பல் நிறப் பகுதியின் முன்முனைகளில், தசைகளை ஆட்டுவிக்கும் பெரிய நரம்பு செல்கள் இருக்க வேண்டிய இடம் காலியாகிக் கிடந்தது. மூளையிலிருந்து கட்டளை கொண்டுவரும் பக்கவாட்டுப் பாதைகள் இறுகிப் போயிருந்தன. இந்தச் செல்கள் ஏன் சாகின்றன என்பதற்கு இன்றும் முழு விடை இல்லை. பெரும்பாலானவர்கள் அறிகுறி தொடங்கி 2 முதல் 5 ஆண்டுகளில் மூச்சுத் தசைகள் தளர்ந்து இறக்கிறார்கள். 1963-ல் நோய் உறுதியாகி 2018 வரை வாழ்ந்த ஸ்டீபன் ஹாக்கிங் மிக அரிய விதிவிலக்கு. 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் மாத்திரை வாழ்நாளில் சில மாதங்களைக் கூட்டித் தருகிறது. இப்படிப்பட்ட இடத்தில் 'ஸ்டெம் செல்' என்ற சொல் காதில் விழுந்தால் ஒரு குடும்பம் நகையை விற்றாவது ஓடத்தான் செய்யும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எம்.ஆர்.ஐ. எதைப் பார்க்கிறது என்பதை இங்கே ஒரு முறை தெளிவாக்கிக்கொள்ளலாம். அது செல்லைப் பார்ப்பதில்லை. உடம்பிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலுவான காந்தப் புலத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அளந்து, அந்த அளவை வெளிச்சமாகவும் இருட்டாகவும் மாற்றிக் காட்டுகிறது. மருத்துவமனைகளில் உள்ளவை பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா கருவிகள். தண்டுவடத்தை எடுக்கும்போது படத்தின் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தில் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். சீவலின் தடிமன் 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மோட்டார் நியூரான்களில் மிகப் பெரியதன் உடலே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஒரு புள்ளிக்குள் ஆயிரக்கணக்கான செல்களின் சராசரிதான் வந்து விழுகிறது.

போதாக்குறைக்குத் தண்டுவடம் படமெடுக்க வசதியான உறுப்பும் இல்லை. சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். சுற்றிலும் எலும்பு. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் சுற்றியுள்ள திரவம் மேலும் கீழும் அலைந்து அதையும் ஆட்டிவிடுகிறது. நோயாளி எச்சில் விழுங்கினால் கழுத்துப் படம் கலங்கிவிடும். இந்த நோய் முற்றியவருக்கு எச்சிலை விழுங்குவதே போராட்டம். உதரவிதானம் தளர்ந்தவரால் தலையணையில்லாமல் மல்லாந்து பத்து நிமிடம் படுக்க முடியாது. இரவில் அவருக்கு மூச்சுத் துணையாக இருக்கும் சாதாரண பைபேப் கருவியைக் காந்த அறைக்குள் கொண்டுபோகவும் முடியாது. முழுத் தண்டுவடத்தையும் எடுக்க முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். பாதியில் அழைப்பு மணியை அழுத்தி வெளியே வந்துவிடுகிறவர்கள் உண்டு. ஆய்வுக் கட்டுரையில் 'ஆறாம் மாத எம்.ஆர்.ஐ.' என்று ஒரு வரியில் கடந்து போகும் விஷயத்துக்குப் பின்னால் மூச்சுக்குத் திணறியபடி அசையாமல் படுத்திருந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

இனி ஸ்டெம் செல்லுக்கு வருவோம். செத்துப்போன நரம்பு செல்லுக்குப் பதில் புதிய செல்லை நட்டுவிடலாம் என்பதுதான் தொடக்கக் கால ஆசை. கொஞ்சம் கணக்குப் போட்டால் அதிலுள்ள சிக்கல் புரியும். பாதத் தசையை ஆட்டுவிக்கும் நியூரான் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அதன் நீண்ட இழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் போய்த் தசையைத் தொட வேண்டும். நரம்பிழை மனிதருக்குள் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். நட்ட செல் உடனே வேர்பிடித்து, சரியான திசையில் வழி தவறாமல் வளர்ந்தாலும், பாதத்தைச் சேர ஆயிரம் நாளாகும். நோய் அவ்வளவு காலம் காத்திருக்காது. அதனால் ஆய்வாளர்கள் இலக்கை மாற்றிக்கொண்டார்கள். புதிய செல்கள் பழையவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டாம். அவற்றின் பக்கத்தில் இருந்து வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, அழற்சியைத் தணித்து, இன்னும் சாகாமல் மிச்சமிருக்கும் நியூரான்களைக் காப்பாற்றினால் போதும்.

நல்ல யோசனை. ஆனால் அது வெற்றி பெற்றால் ஸ்கேனில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. சாகவேண்டிய ஒரு நியூரான் சாகாமல் இருந்ததற்கு எம்.ஆர்.ஐ.யில் அடையாளம் இல்லை. சிகிச்சை பலித்தவரின் படமும் பலிக்காதவரின் படமும் ஒன்றுபோலவே இருக்கும். அப்படியானால் எதற்கு ஸ்கேன் எடுக்கிறார்கள்? கெடுதல் ஏதும் நடக்கிறதா என்று காவல் இருப்பதற்கு. ஊசி பட்ட இடத்தில் ரத்தம் கசிந்ததா, தண்டுவடம் வீங்கியதா, உள்ளே நீர்ப்பை உண்டானதா, போட்ட செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகிக் கட்டியாகிவிட்டனவா என்ற கேள்விகளுக்கு எம்.ஆர்.ஐ. நம்பத்தகுந்த பதில் தரும்.

இத்தாலியின் லெட்டிசியா மஜ்ஜினி குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் முதல் அடிகளில் ஒன்று. ஏழு நோயாளிகள். அவர்களுடைய சொந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை, முதுகைத் திறந்து, மார்புப் பகுதித் தண்டுவடத்துக்குள்ளேயே நேரடியாகச் செலுத்தினார்கள். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் எம்.ஆர்.ஐ. எடுத்து, சிகிச்சைக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டார்கள். கட்டி இல்லை, அமைப்பில் மாற்றமும் இல்லை. நான்கு பேருக்கு விலா எலும்பு வழியாகப் பரவும் வலி மூன்று நாள் அளவில் இருந்து போனது. ஐந்து பேருக்குக் காலில் உணர்ச்சிக் கோளாறு வந்து ஆறு வாரங்களில் சரியானது. பிறகு இதே குழு இன்னும் சிலரைச் சேர்த்து, மொத்தம் 19 பேரைப் பின்தொடர்ந்து 2012-ல் எழுதியது: சிலரை ஒன்பது ஆண்டுகள் வரை கவனித்தும் படங்களில் கட்டி தென்படவில்லை. இந்த ஒன்பது ஆண்டுகளை மறந்துவிட வேண்டாம். கட்டிகளைப் பற்றிப் பேசும்போது இந்த எண் மறுபடியும் தேவைப்படும்.

தண்டுவடத்துக்குள் குத்துவது பெரிய அறுவை சிகிச்சை. சுலபமான வழி ஒன்று இருக்கிறது. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் அல்லது இரண்டாம் இடுப்பு எலும்பருகில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே திரவம் நிறைந்த பையும், அதில் மிதந்தபடி கால்களுக்கு இறங்கும் நரம்பு வேர்களும்தான். முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது அங்கேதான். அதே ஊசி வழியாகச் செல்களை உள்ளே விடலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் இதைத்தான் செய்தது. 27 நோயாளிகளின் சொந்தக் கொழுப்புத் திசுவிலிருந்து செல்களைப் பிரித்து, வளர்த்து, முதலில் சேர்ந்தவர்களுக்கு ஒரே தடவையாக 1 கோடி செல்கள் என்று தொடங்கி, கடைசிக் குழுவுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை, ஒவ்வொன்றிலும் 10 கோடி என்று அளவை ஏற்றினார்கள். முடிவுகள் 2016-ல் வெளியாயின.

அந்த உயர் அளவுக் குழுவில் நடந்ததுதான் இந்த அத்தியாயத்தின் மையம். ஊசிக்குப் பிறகு சிலருக்கு இடுப்பு வலி. அது காலுக்கும் இறங்கியது. முதுகு நீரை எடுத்துப் பார்த்தால் புரதம் கூடியிருந்தது, செல்களும் கூடியிருந்தன. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

இடுப்புப் பகுதியின் குறுக்குவெட்டுப் படத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றால் ஒரு நிமிடம் அதை மனதில் வரைந்துகொள்ளுங்கள். நீரை வெண்மையாகக் காட்டும் டி2 வகைப் படத்தில், நடுவில் ஒரு வட்டம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். அதுதான் திரவப் பை. அதற்குள் நரம்பு வேர்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். நோயாளி மல்லாந்து படுத்திருப்பதால் அவை தாழ்ந்து, பின்பக்க ஓரமாக வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணிவிடலாம் என்று தோன்றும். பக்கவாட்டுப் படத்தில் அதே வேர்கள் வெள்ளைத் திரவத்தில் மெல்லிய கோடுகளாக இறங்கும். மேயோ நோயாளிகளின் படத்தில் இந்த வேர்கள் தடித்துப் போயிருந்தன. வேர் தடித்தால் புள்ளி பெரிதாகும், சுற்றியிருக்கும் வெண்மை குறையும்.

இந்தப் படத்துக்கு என்ன பொருள்? சொந்த உடம்பிலிருந்து எடுத்த செல்கள்தானே, எந்தக் கெடுதலும் வராது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கோடிக்கணக்கான செல்களை, அவை ஒருபோதும் இருந்திராத ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் இறக்கினால், அந்த இடம் பதில் சொல்லத்தான் செய்யும். அழற்சி வந்தது, வேர்கள் தடித்தன, வலித்தது. வலி தற்காலிகமானது. பின்னர் இறந்த நால்வரின் உடற்கூறாய்வில் கட்டி எதுவும் இல்லை. இந்த அளவு வரை பாதுகாப்பாகவே இருக்கிறது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். படத்தில் கண்ட மாற்றத்தை அவர்கள் மறைக்கவில்லை. பக்கவிளைவு என்று எழுதினார்கள். இதே படம் ஒரு தனியார் கிளினிக்கின் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. 'பாருங்கள், மெலிந்திருந்த நரம்பு தடித்திருக்கிறது, புதிதாக வளர்கிறது' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வலியோடு வந்திருக்கும் நோயாளிக்கு அது எவ்வளவு இனிமையாகக் கேட்கும்?

இன்னொரு பெரிய முயற்சி அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தில் 2010 ஜனவரியில் தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈவா ஃபெல்ட்மன் தலைமையில், அறுவை சிகிச்சை நிபுணர் நிக்கலஸ் பூலிஸும் நரம்பியலாளர் ஜோனதன் கிளாஸும் நடத்திய ஆய்வு இது. செல்கள் நோயாளியுடையவை அல்ல; எட்டு வாரக் கரு ஒன்றின் தண்டுவடத்திலிருந்து பிரித்து, நியூரல்ஸ்டெம் நிறுவனம் வளர்த்த ஒரே வரிசையைச் சேர்ந்தவை. எலும்பைத் திறந்து, நோயாளியின் முதுகெலும்பிலேயே ஒரு சட்டத்தைப் பொருத்தி, அதில் மாட்டிய ஊசியைச் சாம்பல் நிறப் பகுதியின் முன்முனை வரை இறக்கினார்கள். ஒவ்வொரு குத்திலும் ஒரு லட்சம் செல்கள், வெறும் 10 மைக்ரோலிட்டர் திரவத்தில், அவசரமில்லாமல். தண்டுவடம் இதயத் துடிப்போடு அசையும் என்று சொன்னேன் அல்லவா. ஊசி இறுக்கமாக நின்றால் அந்த அசைவே திசுவைக் கிழித்துவிடும். அதற்காகத் தண்டுவடத்தோடு சேர்ந்து தானும் அசைந்துகொடுக்கும் மெல்லிய குழாயை வடிவமைத்திருந்தார் பூலிஸ். முதலில் நடக்க முடியாத நிலைக்குப் போய்விட்டவர்களுக்கு, இடுப்புப் பகுதியில் மட்டும். பிறகு நடக்க முடிந்தவர்களுக்கு. அதன் பிறகு மூச்சுத் தசைகளை இயக்கும் நியூரான்கள் இருக்கும் கழுத்துப் பகுதிக்கு. இப்படிப் படிப்படியாகத்தான் போனார்கள்.

இரண்டாம் கட்டத்தில் அளவை ஏற்றிக்கொண்டே போய், அதிகபட்சமாக ஒருவருக்கு 1 கோடியே 60 லட்சம் செல்கள் வரை கொடுத்தார்கள். 15 பேர். அவர்களில் ஒருவருக்குத் தண்டுவடம் வீங்கி, வலியும் உணர்ச்சியிழப்பும் பாதி முடக்கமும் வந்தன. இன்னொருவருக்கு மைய நரம்பு மண்டலத்திலிருந்தே எழும் தீராத வலி. ஏற்கெனவே கை கால் போய்க்கொண்டிருக்கும் ஒருவர், அறிவியலுக்காகத் தானே முன்வந்து படுத்து, அதனால் இன்னும் கொஞ்சம் இழந்தார். இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. இப்படிப்பட்ட தொடக்க நிலை ஆய்வுகளில் கிடைக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் இப்படி யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார்.

போட்ட செல்கள் உயிரோடு இருந்தனவா? எமோரியின் ஸ்கேன்களால் அதைச் சொல்ல முடியவில்லை. பதில் கிடைத்தது உடற்கூறாய்வில். இறந்த நோயாளிகளின் தண்டுவடத் திசுவை எடுத்து, அதில் நோயாளிக்குச் சொந்தமில்லாத டி.என்.ஏ. இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தது. கொடையாளி செல்கள் உள்ளே வாழ்ந்திருக்கின்றன. ஷார்கோ கையாண்ட அதே வழி, 140 ஆண்டுகளுக்குப் பிறகும் எம்.ஆர்.ஐ.யை முந்திக்கொண்டது.

உயிருள்ளவரிடம் செல்களைப் பார்க்க ஒரு தந்திரம் உண்டு. ஊசி போடுமுன் செல்களுக்கு மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களை ஊட்டிவிடுவது. இரும்பு அருகிலுள்ள காந்தப் புலத்தைக் குலைக்கும். படத்தில் அந்த இடம் கறுத்துவிடும். ஜெருசலேமின் ஹதாசா மருத்துவமனையில் டிமிட்ரியோஸ் கருசிஸ் குழு, மோட்டார் நியூரான் நோயாளிகள் 19 பேரும் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் நோயாளிகள் 15 பேரும் கொண்ட ஆய்வில், ஒன்பது பேருக்கு இப்படி இரும்பேற்றிய மஜ்ஜை செல்களைச் செலுத்தியது. 2010-ல் வெளியான அந்த ஆய்வில், இடுப்பில் விட்ட செல்களின் கரிய தடம் மூளையின் உள்ளறைகள் வரை தெரிந்ததாக எழுதினார்கள்.

இரும்பு எவ்வளவு பயன்படும் என்பதற்கு நல்ல சான்று நெதர்லாந்தின் நெய்மேகன் நகரிலிருந்து 2005-ல் வந்தது. அது தோல் புற்றுநோயாளிகளுக்கான செல் தடுப்பூசி ஆய்வு. அல்ட்ராசவுண்டில் பார்த்துப் பார்த்து, தேர்ந்த கைகள் நிணநீர் முடிச்சுக்குள் செலுத்திய செல்கள், எட்டுப் பேரில் நான்கு பேருக்கு முடிச்சுக்குள் போகவே இல்லை. பக்கத்துக் கொழுப்பில் இறங்கியிருந்தன. எம்.ஆர்.ஐ. அதைக் காட்டிக்கொடுத்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று நாம் கைவிட்ட சிகிச்சைகளில் எத்தனை, போகவேண்டிய இடத்துக்கே போகாதவையோ என்ற கேள்வியை அந்தப் படம் எழுப்பியது.

ஆனால் இந்தக் கறுப்புப் புள்ளியும் ஏமாற்றும். செல் செத்துவிட்டால் அதன் இரும்பைத் துப்புரவு செல்கள் விழுங்கிக்கொள்ளும். புள்ளி அப்படியே இருக்கும். ஊசி பட்டுக் கசிந்த ரத்தம் உறைந்தாலும் அதிலும் இரும்புதான், அதுவும் கறுப்புதான். உயிருள்ள ஸ்டெம் செல், செத்த ஸ்டெம் செல்லைத் தின்ற வேறொரு செல், பழைய ரத்தக் கசிவு, இந்த மூன்றையும் படம் ஒரே நிறத்தில் காட்டுகிறது.

கட்டிகளைப் பற்றி இப்போது பேசலாம். இங்கே சொல்லப்போகும் மூவருக்கும் இருந்தது மோட்டார் நியூரான் நோய் அல்ல. ஆனால் இவர்கள் கதை தெரியாமல் தண்டுவட ஸ்கேனின் தேவை புரியாது. அட்டாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா என்ற பரம்பரை நோயுள்ள ஓர் இஸ்ரேலியச் சிறுவனுக்கு மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த நரம்பு செல்களைப் பலமுறை செலுத்தினார்கள். முதல் சிகிச்சைக்கு நான்கு ஆண்டுகள் கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் தெரிந்தன. தண்டுவடக் கட்டியை அகற்றிச் சோதித்தபோது அதில் பெண் குரோமோசோம்கள் இருந்தன. சிறுவனுக்குள் வளர்ந்தது வேறொருவரின் திசு. இது 2009-ல் வெளியானது. அடுத்தது, தண்டுவடம் அடிபட்ட ஓர் இளம்பெண். லிஸ்பனில் அவருடைய மூக்கின் உட்சவ்விலிருந்தே எடுத்த செல்களை வைத்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து முதுகு வலி. ஸ்கேனில் கட்டி, வெட்டி எடுத்துப் பார்த்தால் மூக்கில் இருப்பதுபோலவே சளி சுரக்கும் திசு, தண்டுவடத்துக்குள் சளியைச் சுரந்துகொண்டிருந்தது. மூன்றாமவர் பக்கவாதம் வந்து, சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளில் பணம் கட்டி ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கர். நடந்துகொண்டிருந்தவருக்குக் கால்கள் செயலிழந்தன. கீழ்த்தண்டுவடத்தை அடைத்துக்கொண்டு வளர்ந்திருந்த கட்டியின் டி.என்.ஏ. அவருடையது அல்ல. 2016-ல் இதைப் பதிவு செய்தார்கள்.

நான்கு ஆண்டு, எட்டு ஆண்டு. மோட்டார் நியூரான் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் அவ்வளவு காலம் உயிரோடிருப்பதில்லை. ஆகவே அவர்களுடைய ஸ்கேன்களில் கட்டி காணப்படவில்லை என்ற செய்தியில், கட்டி வளரப் போதிய காலமே கிடைக்கவில்லை என்ற செய்தியும் கலந்திருக்கிறது. மஜ்ஜினி குழுவின் ஒன்பது ஆண்டுக் கவனிப்பு மதிப்புள்ளதாவது இதனால்தான். அந்தச் செல்கள் முதிர்ந்த மஜ்ஜையிலிருந்து வந்தவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கருவிலிருந்து எடுத்தவற்றுக்கு அந்த உறுதியை நீட்ட முடியாது.

சிகிச்சை பலித்ததா என்பதை எப்படித்தான் அளப்பது? பேச்சு, விழுங்குதல், எழுதுதல், உடை மாற்றுதல், மாடிப்படி, மூச்சு என்று 12 கேள்விகளுக்கு 48 மதிப்பெண் கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது. மாதந்தோறும் அது எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று பார்க்கிறார்கள். கூடவே ஊதி அளக்கும் மூச்சுக் கொள்ளளவும், உயிரோடிருக்கும் காலமும். இவற்றையும் செல் இல்லாத வெறும் ஊசி பெற்ற ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம். பிரெய்ன்ஸ்டார்ம் நிறுவனத்தின் நியூரோன் என்ற மஜ்ஜை செல் சிகிச்சையை அப்படிப் பார்த்தார்கள். மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2020 நவம்பரில் வந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 34.7 சதவீதம் பேரிடம் சரிவு குறிப்பிட்ட அளவுக்கு மட்டுப்பட்டிருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. வெறும் திரவம் ஏற்றவர்களிடமும் 27.7 சதவீதம் பேருக்கு அதே மாற்றம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 17-க்கு 1 என்று எதிராக வாக்களித்தது. அடுத்த மாதமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எவ்வளவு எளிதில் ஏமாந்துபோவோம் என்பதற்கு நம்மூரிலேயே உதாரணம் இருக்கிறது. 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி.ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் சென்னையில் இளம் வயதினரிடம் கண்ட ஒரு வகை மோட்டார் நியூரான் நோயை எழுதினார்கள். கை கால் மெலிவோடு முகத் தசைத் தளர்ச்சியும் காது கேளாமையும் வரும். நோய் மிக மெதுவாகப் போகும். பல பத்தாண்டுகள் வாழ்கிறவர்கள் உண்டு. உலக மருத்துவ நூல்களில் அதற்கு 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே பெயர். இப்படிப்பட்ட ஒருவருக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டு இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் நிலைமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஊசி காப்பாற்றியது என்று அவரும் நம்புவார், ஊசி போட்டவரும் நம்புவார்.

'முன்', 'பின்' என்று பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டும் ஸ்கேன் படங்களும் அப்படித்தான். வேறு வேறு கருவியில் எடுத்திருந்தால், சீவலின் கோணம் சற்று மாறியிருந்தால், நோயாளி சற்று அசைந்திருந்தால் தண்டுவடம் ஒன்றில் மெல்லியதாகவும் மற்றொன்றில் தடிமனாகவும் தெரியும். படத்தைக் கட்டமைக்கும் கணக்கிலேயே எழும் பொய்க் கோடு ஒன்று தண்டுவடத்தின் நடுவில் நீர்ப்பை போலத் தோன்றும். அடுத்த படத்தில் காணாமல் போகும். முதுகில் ஊசி போட்டதாலேயே திரவம் கசிந்து, அழுத்தம் குறைந்து, உறைகள் பளிச்சிடுவதும் உண்டு. செல்லே இல்லாமல் வெறும் ஊசி போட்டாலும் இது நடக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகள் தவிர, வேறெந்த நோய்க்கும் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுப்பது நெறிக்கு மாறானது என்று தெளிவாகச் சொல்கிறது. முறையான ஆய்வு என்றால் அதில் சேர நோயாளியிடம் பணம் கேட்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் கட்டச் சொன்னால் அது ஆய்வு இல்லை.

இதற்குப் பிறகும் போய் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஊர் திரும்பியதும் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்று பயந்து சொல்லாமல் விட்டால், நாளைக்கு வரும் புதிய வலியை அவர் நோயின் போக்கு என்றே எடுத்துக்கொள்வார். எந்தத் தேதியில், எந்த இடத்தில், யாருடைய செல், எத்தனை என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். வெறும் தண்டுவடத்தை மட்டுமல்லாமல் இடுப்புக்குக் கீழே நரம்பு வேர்கள் முடியும் இடம் வரை, சிறுநீரகம் அனுமதித்தால் காடோலினியம் ஊசியுடன், படம் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். வலியோ மரத்துப்போதலோ புதிதாக வந்தால் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோய் பொதுவாகத் தொடு உணர்ச்சியைத் தொடுவதில்லை, ஆகவே உணர்ச்சி குறைகிறது என்றால் வேறெங்கோ சிக்கல். சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேனின் சி.டி.யைப் பத்திரமாக வைத்திருங்கள், வெறும் ஃபிலிமும் ரிப்போர்ட் தாளும் போதாது. ரேடியாலஜிஸ்ட் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழைய படம் இல்லையென்றால், ஒரு நரம்பு வேர் இப்போதுதான் தடித்ததா, முன்பே அப்படித்தான் இருந்ததா என்று அவரால் சொல்ல முடியாது.